கல்வெட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய மெஷின்

ஆம்பூர் பாலாற்றங்கரைப் பொதுநல மருத்துவமனைக்கு 2006-ஆம் வருஷம் வந்து இறங்கிய அல்ட்ராசவுண்ட் மெஷினுக்கு அடியில் சக்கரங்கள் இருந்தன. ஒரு மெஷினுக்குச் சக்கரம் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஆள் வாஹித் பாஷா. அவர் அப்போது வேறு வேலையில் இருந்தார். அந்த மெஷின் நகரக் கூடாது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

வாஹித் பாஷா, அப்துல் சமத் சாயபுவின் தோல் டேனரியில் மானேஜர். சாயபு வாயால் சொல்வதைக் காகிதத்தில் அழகாக்கித் தருவதுதான் இருபது வருஷமாக அவருடைய உத்தியோகம். மெஷினைத் தன் தகப்பனார் நினைவாகத் தானம் கொடுத்த சாயபு, ஸ்கேன் அறைச் சுவரில் தகப்பனார் பேர் பொறித்த பளிங்குக் கல்வெட்டு ஒன்றையும் மாட்டச் சொன்னார். "மெஷின் அப்பா பேருக்குக் கீழவே இருக்கட்டும் பாஷா. அவ்ளோதான்" என்றார். அந்த 'அவ்ளோதான்' பாஷாவுக்குப் போதவில்லை. 'மேற்படி இயந்திரம் மேற்படி கல்வெட்டுக்குக் கீழேயே நிலைபெற்றிருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அதன் கீழிருந்து அகற்றப்படலாகாது' என்று தானப் பத்திரத்தில் எழுதினார். 'எக்காரணம் கொண்டும்' முழுக்க அவருடைய சொந்தச் சரக்கு. சாயபு அதை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டு, "ஷபாஷ்" என்றார். அந்த ஒரு சொல்லில் பாஷா ஒரு வாரம் மிதந்தார்.

திறப்பு விழாவில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் டாக்டர் சத்தியநாதன் பேசினார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மைக்கைப் பிடித்தால் மட்டும் ஓய்வு பெறாதவர்.

"அன்பர்களே! எந்தப் பொருளும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும். பயன்படுத்தாமல் காப்பாற்றுவதற்குப் பேர்தான் நிர்வாகம். இந்த மெஷினை நாங்கள் கண்ணை இமை காப்பது போல் காப்போம். இமை மூடியே இருக்கும்."

கூட்டம் கைதட்டியது. மெஷினுக்குச் சிவப்பு வெல்வெட் உறை போடப்பட்டது. 'இயந்திரப் பாதுகாப்புக் குழு' ஒன்றும் அமைந்தது. தலைவர் சத்தியநாதன், புரவலர் அப்துல் சமத் சாயபு, கொடையாளர் பிரதிநிதி வாஹித் பாஷா. மூன்று பேரும் இருந்தால்தான் கூட்டம் செல்லும். முதல் கூட்டத்தில் வெல்வெட்டின் நிறம் ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் பாஷாவின் மனைவி ரஃபத் ஜஹானுக்குத் தலைவலி வந்தது. வந்த சமயம் சரியில்லை. வாணியம்பாடியில் பாஷாவின் தங்கை மகளுக்கு நிக்காஹ்.

"மண்டை பிளக்குதுங்க. நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் ரஃபத்.

"என் தங்கச்சி வீட்டு விசேஷம்னா மட்டும் உனக்கு எங்கிருந்துதான் தலைவலி வருமோ" என்றார் பாஷா. ஒரு தைல டப்பாவை வாங்கிக் கொடுத்து அழைத்துக்கொண்டு போனார். பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவள் மண்டபத்து மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தங்கை சொன்னாள். பாஷாவும் ஆமாம் என்றார்.

திரும்பி வந்த பிறகு காய்ச்சல் கண்டது. ஒரு காலையில் ரஃபத் டீயில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே, எப்போதோ இறந்துபோன தன் அம்மாவைக் கூப்பிட்டு, "அம்மீ, உனக்கும் ஒரு கப் போடட்டுமா?" என்று கேட்டாள். பாஷா ஓடிப்போய் வண்டி பிடித்தார். வேலூருக்குக் கொண்டுபோய்த் தலை ஸ்கேன் எடுத்தார். அதில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு சொந்த ஊரிலேயே, தான் பிரதிநிதியாக இருக்கும் மருத்துவமனையிலேயே, பெருமையோடு கொண்டுவந்து சேர்த்தார்.

வார்டு மாடியில். வேலூரில் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வந்திருந்த டாக்டர் கிரேஸி பார்த்தார்.

"மூளைக்காய்ச்சல் மாதிரி தெரியுது, பாய். மருந்து ஆரம்பிச்சிட்டேன். ஆனா எந்தக் கிருமின்னு தெரியாம குருட்டாம்போக்குல எத்தினி நாள் குடுக்கிறது? முதுகுத்தண்டுல ஊசி போட்டுக் கொஞ்சம் தண்ணி எடுத்துப் பார்க்கணும்."

ரஃபத்தை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கினார்கள். ரஃபத் கொஞ்சம் பூசின உடம்புக்காரி. கொஞ்சம் என்பது பாஷா வெளியில் சொல்கிற கணக்கு. டாக்டர் கிரேஸி விரலால் முதுகெங்கும் அழுத்தித் தேடினார். எலும்பு தட்டுப்படவில்லை. உத்தேசமாகக் குத்தினார். ஊசி எலும்பில் போய் முட்டியது. எடுத்து மறுபடி குத்தினார். மறுபடியும் எலும்பு. ரஃபத் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தார். "நடு எலும்பு எங்க இருக்குன்னே கைக்குத் தெரியல. ஸ்கேன் மெஷினை முதுகுல வெச்சுப் பார்த்தா, எலும்புக்கு நடுவுல சந்து எங்க, எவ்ளோ ஆழம்னு தெரிஞ்சுடும். குறிச்சிட்டு ஒரே குத்துல எடுத்துடலாம். வேலூர்ல செஞ்சிருக்கேன். கீழதானே இருக்குது? மேல கொண்டாரச் சொல்லுங்க சிஸ்டர்."

நர்ஸ் எப்சி, நிலாவைப் பிடித்துத் தரச் சொல்லும் குழந்தையைப் பார்ப்பதுபோல டாக்டரைப் பார்த்தாள்.

"அது நகராது டாக்டர். நகரக் கூடாதுன்னு பத்திரமே இருக்குது."

"எந்தப் புண்ணியவான் எழுதுனான்?"

பாஷா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மெஷின் மேலே வராதென்றால் ரஃபத் கீழே போகலாம் என்று முடிவாயிற்று. பாஷா முன்னால் ஓடிப் போய் ஸ்கேன் அறையில் சொன்னார். அங்கே பதிவு எழுதுகிறவள் ஷஹீன் பானு. தலை நிமிராமல் கேட்டாள்.

"எத்தினி மாசம்?"

"மாசமா? மூணு வாரமாத்தாம்மா இருக்குது."

"மூணு வாரத்துல ஒண்ணும் தெரியாது பாய். ரெண்டு மாசம் ஆவட்டும், கூட்டிட்டு வாங்க."

காய்ச்சல் என்று புரியவைத்து, வயசு ஐம்பது என்று புரியவைத்து, பார்க்க வேண்டியது முதுகை என்று புரியவைத்த பிறகு, கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டேன் என்று பாஷாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெல்வெட் உறையை எடுத்தாள். ஆனால் ஸ்கேன் அறையில் ஊசி போடக் கூடாதாம். கண்காணிப்பாளரின் சுற்றறிக்கை கதவிலேயே ஒட்டியிருந்தது. ஊசிக்கு மாடி, மெஷினுக்குக் கீழ்த்தளம். ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று கால் வைத்தால் நிர்வாகம் குழம்பிவிடும்.

ஆகவே டாக்டர் கிரேஸி கீழே முதுகைப் பார்த்துப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். "இப்படியே, மடக்கின கால் நீட்டாம, முதுகு அசையாம மேல கொண்டு போகணும்" என்றார். வார்டு ஆள் சின்னசாமி தலைமையில் ரஃபத்தை ஸ்ட்ரெச்சரில் சுருட்டிய பாய் மாதிரி வைத்துச் சாய்வுப்பாதையில் தள்ளிக்கொண்டு போனார்கள். திருப்பத்தில் சக்கரம் தடுக்கிற்று. விழுந்துவிடுவோமோ என்று ரஃபத் காலை நீட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி மடக்கிப் படுக்க வைத்தபோது, தோலோடு சேர்ந்து புள்ளி எங்கோ போயிருந்தது. மிச்சமிருந்த மசியையும் ஊசி போடும் முன்னால் தடவிய மருந்து துடைத்துவிட்டது. மறுபடி குத்தல். மறுபடி எலும்பு.

டாக்டர் கிரேஸி மனு எழுதினார். பாஷா கையெழுத்துப் போட்டார். சென்னையிலிருந்த சாயபு அடுத்த நாள் காலை திரும்பியதும் இயந்திரப் பாதுகாப்புக் குழு கூடியது.

பாஷா குழு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சின்னசாமி கதவைத் திறந்து, "பாஷா பாய், உள்ள கூப்புடுறாங்க" என்றான்.

"நான் மனு குடுத்த ஆளாச்சே சின்னசாமி."

உள்ளேயிருந்து சத்தியநாதன் குரல் கொடுத்தார். "மனுதாரர் வெளியவே இருக்கட்டும். உறுப்பினர் மட்டும் வந்தாப் போதும்."

பாஷா மனுதாரரைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. முந்திரி பிஸ்கட் இருந்தது. சாயபு தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, ஊரிலிருந்து வந்த களைப்பில் பாதிக் கண்ணை மூடியிருந்தார்.

சத்தியநாதன் பேர்களை மட்டும் விட்டுவிட்டு மனுவை வாசித்தார். "யாரோ ஒரு நோயாளியின் முதுகுக்காக மெஷினை மாடிக்கு ஏற்ற வேண்டுமாம். இன்றைக்கு ஒரு முதுகுக்கு வளைந்து கொடுத்தால் நாளைக்கு ஊரிலுள்ள முதுகெல்லாம் வந்து நிற்கும். நோயாளிகள் இன்றைக்கு வருவார்கள், நாளைக்குப் போவார்கள், எப்படியும் போவார்கள். மருத்துவமனை நிற்க வேண்டும்." பிறகு பாஷாவின் பக்கம் திரும்பி, "மனுதாரர் மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் அனுதாபம் உண்டு. நல்ல மனிதர் என்று கேள்வி" என்றார்.

"நன்றி சார்" என்றார் பாஷா.

"உங்களுக்கு எதுக்கு நன்றி? நீங்கள் உறுப்பினர். சொல்லுங்கள். கல்வெட்டுக்குக் கீழிருந்து மெஷினை எடுப்பதில் கொடையாளர் பிரதிநிதிக்கு ஆட்சேபணை உண்டா, இல்லையா?"

சாயபு கண்ணைத் திறந்து பாஷாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் எதுவும் இல்லை. டீ ஆறிவிட்டதா என்று பார்க்கிற பார்வைதான். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்ததும் பாஷாவின் நாக்கு இருபது வருஷப் பழக்கத்தில் தானாக எழுந்து நின்றது.

"நிபந்தனைன்னா நிபந்தனைதான் சார்" என்றது.

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்கே தெரிந்தது. திருத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் சத்தியநாதன், "ஏகமனதாக" என்று எழுதிவிட்டார். பாஷா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னசாமி பின்னாலேயே வந்து, முறைப்படி அவர் முன்னால் நின்று, "உங்க மனு தள்ளுபடியாம், பாய்" என்று அறிவித்தான்.

காரில் ஏறும்போது சாயபு கேட்டார். "பாவம், யாரு பாஷா அந்தப் பொம்பளை? நம்ம டேனரி ஆளுங்க வீடா?"

அப்போதும் சொல்லியிருக்கலாம். "ஆமா முதலாளி" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார் பாஷா. பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாயபு எதற்கும் தலையாட்டியிருப்பார் என்று கார் போன புழுதியில் நின்றபோது அவருக்கு விளங்கியது. அது விளங்காமலே இருந்திருந்தால் அவர் அன்று மதியம் ஒரு வாய் சோறாவது தின்றிருப்பார்.

மாடியில் ரஃபத்துக்கு நினைவு தெளிந்திருந்தது. "இன்னாங்க சொன்னாங்க?" என்று முனகினாள்.

"அவங்க ஒத்துக்கல" என்றார்.

"நீங்க போய்க் கேட்டும் ஒத்துக்கலயா? போகட்டும், விடுங்க. உங்களுக்குத்தான் பேஜார்."

தலைக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு அவள் அவருக்குச் சமாதானம் சொன்னாள். பாஷா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

சாயந்திரம் டாக்டர் கிரேஸி கடைசியாக ஒரு முறை முயன்று பார்ப்பதாகச் சொன்னார். "அசையாம பிடிச்சுக்கணும். நீங்களே பிடிங்க" என்றார். பாஷா மனைவியின் தோளையும் முழங்காலையும் சேர்த்து அணைத்துப் பிடித்தார். ரஃபத் அவர் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டு, "விட்டுடாதீங்க" என்றாள். ஊசி இறங்கியது. அவள் உடம்பு உதறியது. ஊசி திசை மாறியது. ரஃபத் "அம்மீ" என்று கத்தினாள். டாக்டர் ஊசியை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டார்.

"இதுக்கு மேல கண்ணைக் கட்டிக்கிட்டுக் குத்த எனக்கு மனசு வரல, பாய். என்னை மன்னிச்சுடுங்க."

தன்னைப் பார்த்து ஒருவர் மன்னிப்புக் கேட்டதைப் பாஷாவால் தாங்க முடியவில்லை. சின்னசாமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினார். எலெக்ட்ரீஷியன் அறையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தது. நேரே ஸ்கேன் அறைக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, கல்வெட்டின் மூலைத் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஐயோ, இன்னா பாய் பண்றீங்க!"

"மெஷின் கல்லுக்குக் கீழ இருக்கணும்னுதானே எழுதியிருக்குது? கல்லு செவுத்துல இருக்கணும்னு எழுதல."

"உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"எழுதுனதே நான்தாண்டா."

சின்னசாமி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கல்லின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தான். ஷஹீன் பானு மெஷினின் பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் தான் சாப்பிடப் போயிருந்ததை எல்லோரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனாள்.

சாய்வுப்பாதையில் ஊர்வலம் ஏறியது. எப்சி மெஷினைத் தள்ளினாள். அது சக்கரம் வைத்த பொருள் எப்படிப் போகுமோ அப்படி, அலுங்காமல் போயிற்று. பாஷாவும் சின்னசாமியும் அதன் இரண்டு பக்கமும் நடந்து, பளிங்குக் கல்லை அதற்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். திருப்பத்தில் சத்தியநாதன் எதிரே வந்துவிட்டார்.

"என்ன அக்கிரமம் இது?"

"மெஷின் கல்வெட்டுக்குக் கீழதான் சார் இருக்குது" என்றார் பாஷா மூச்சிரைக்க. "கீழிருந்து அகற்றல."

சத்தியநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், தானப் பத்திரத்தின் வாசகத்தை உதடு அசையச் சொல்லிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. மனிதர்களை மீறியிருக்கலாம், வாசகத்தை மீறவில்லை.

"கல்லை இன்னும் கொஞ்சம் முன்னால பிடிங்க. மெஷினோட திரை வெளியில நீட்டிக்கிட்டு இருக்குது, பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கூடவே நடந்து வந்தார்.

டாக்டர் கிரேஸி கருவியை ரஃபத்தின் முதுகில் வைத்து மெல்ல நகர்த்தினார். திரையில் எலும்புகள் மலை வரிசை மாதிரி வந்தன. "அய்யோ, நாம நடுக்கோட்டை விட்டு ஒரு விரற்கடை தள்ளியில்ல குத்திக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். சந்து எங்கே என்று கண்டுபிடித்தார், ஆழத்தை அளந்தார், அங்கேயே குறித்தார். நீளமான ஊசியை எடுத்தார்.

ரஃபத்தின் கை அந்தரத்தில் துழாவியது. பாஷாவின் மணிக்கட்டைத் தேடியது. பாஷாவால் கொடுக்க முடியவில்லை. இரண்டு கையாலும் முதலாளியின் தகப்பனார் பேரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்சிதான் அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள். ஊசி ஒரே போக்கில் இறங்கியது. தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குழாயில் விழுந்தது.

மூளையில் டி.பி. என்று தெரிந்தது. அதற்குரிய மருந்து ஆரம்பமாகி, ரஃபத் மெல்ல மெல்லத் தேறினாள். இடது காது மட்டும் மந்தமாகிவிட்டது. நோயினாலா, மருந்தினாலா, தாமதத்தினாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர் கிரேஸி. பாஷாவால் சொல்ல முடிந்தது. ஆனால் யாரும் அவரைக் கேட்கவில்லை.

கல்லைக் கழற்றியதற்கு வேலை போகும் என்று அவர் காத்திருந்தார். போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சத்தியநாதன் சாயபுவிடம் விஷயத்தை வேறு விதமாக எடுத்துச் சொன்னார். கல்வெட்டு ஒரு சுவரில் மாட்டியிருந்தால் ஓர் அறைதான் பார்க்கும். மெஷினோடு போனால் எல்லா வார்டும் பார்க்குமே! சாயபுவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. மெஷினுக்கு மேலே கல்வெட்டைத் தாங்க இரும்புச் சட்டம் அடித்து, 'நடமாடும் கல்வெட்டுத் திட்டம்' என்று பேர் வைத்தார்கள். மே மாதம் தொடக்க விழா. ரஃபத்துக்கும் அழைப்பு வந்தது. 'நான் வரல' என்று சொல்வாள் என்று பாஷா எதிர்பார்த்தார். அவள் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, பெண்கள் பக்கம் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கி அவளுக்கு வலது பக்கம் இருந்தது.

சத்தியநாதன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த நிர்வாகத்தின் நேர்மைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மெஷினை நகர்த்தக் கோரி ஒரு மனு வந்தது. நோயாளி யார் தெரியுமா? நம் குழு உறுப்பினர் வாஹித் பாஷாவின் சொந்த மனைவி! வேறொருவர் என்றால் தடுமாறியிருப்பார். 'ஆட்சேபணை உண்டா?' என்று கேட்டேன். ஒரு கணம் தயங்கினாரா இந்த மாமனிதர்? 'நிபந்தனைன்னா நிபந்தனைதான்' என்று, மனைவியின் மனுவைத் தன் வாயாலேயே நிராகரித்தார்! இப்படிப்பட்டவர்கள் இருக்கும்வரை நோயாளிகளால் இந்த மருத்துவமனையை அசைக்க முடியாது!"

கைதட்டல் நிற்கவே இல்லை. சாயபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க வீட்டம்மாவா அது? சொல்லவே இல்லியே பாஷா!" என்று தழுவிக்கொண்டு, ஜரிகை போட்ட கனமான சால்வை ஒன்றைப் போர்த்தினார். பாஷா கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் கைதட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு ஆட்டோவில் போனார்கள். பைபாஸ் ரோட்டில் தார் உருகிக்கொண்டிருந்தது. ஆட்டோ ரெட்டித்தோப்பைத் தாண்டியது.

"'அவங்க ஒத்துக்கல'ன்னீங்களே" என்றாள் ரஃபத். "அந்த 'அவங்க' நீங்கதானா?"

பாஷா ஆமாம் என்று தலையசைத்தார். வேறு எதைச் சொன்னாலும் அதைவிடக் கேவலமாக இருக்கும் என்று தோன்றியது. கழுத்தெல்லாம் வியர்த்து வழிந்தது. கை தானாகச் சால்வையை எடுக்கப் போயிற்று.

"கழட்டாதீங்க" என்றாள் ரஃபத். கோபமாகச் சொல்லவில்லை. "உங்களுக்குத்தானே குடுத்தாங்க. போட்டுக்குங்க."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "இன்னா பாய், இந்த வெயில்ல சால்வையா?"

"அவருக்குக் குளிருதாம்பா. நீ ஓட்டு" என்றாள் ரஃபத்.

பாஷா சால்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.